எம்ஃபைசிமாவில் நுரையீரல் சுலபமாக விரியுமாம். அப்புறம் ஏன் மூச்சு வெளியே வர மாட்டேங்குது?

#1 · யாழினி_பிசியோ

எல்லோருக்கும் வணக்கம். பிசியோதெரபி இரண்டாம் வருடம் படிக்கிறேன். சுவாச இயக்கவியலில் ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

கம்ப்ளையன்ஸ் என்றால் ஓர் அலகு அழுத்தத்துக்கு நுரையீரல் எவ்வளவு விரிகிறது என்பது. ஃபைப்ரோசிஸில் (தழும்பு படரும் நோய்) நுரையீரல் விறைத்துப்போகிறது, கம்ப்ளையன்ஸ் குறைகிறது, மூச்சை இழுக்கச் சிரமம். அதுவரை சரி. காற்று நுண்ணறைகளின் சுவர் அழியும் எம்ஃபைசிமாவில் கம்ப்ளையன்ஸ் கூடுகிறது என்று போட்டிருக்கிறார்கள். கூடினால் நல்லதுதானே? கொஞ்சம் இழுத்தாலே நிறையக் காற்று உள்ளே வர வேண்டும். ஆனால் வார்டில் மூச்சுக்குத் திண்டாடுவது அவர்கள்தான்.

இரண்டாவது, எம்ஃபைசிமாவில் காற்றுப்பாதைத் தடையும் கூடுகிறது என்று அடுத்த பாடத்தில் வருகிறது. ஆஸ்துமாவில் தசை இறுகிக் குழாய் குறுகுகிறது, புரிகிறது. இங்கே அழிவது காற்று நுண்ணறைகளின் சுவர். பையின் சுவர் அழிந்தால் குழாய் எப்படிக் குறுகும்?

மூன்றாவது, இந்த நோயாளிகள் உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி ஊதி மூச்சு விடுகிறார்கள். ஏற்கெனவே தடை இருப்பவர் வாயிலும் ஒரு தடையைப் போட்டுக்கொண்டால் எப்படி நிம்மதியாகும்?

மனப்பாடம் செய்து எழுதிவிடலாம். ஆனால் நாளைக்கு இவர்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கப் போவது நான்தான். புரிந்துகொள்ளாமல் சொல்லிக்கொடுக்க மனசு வரவில்லை.

#2 · உடலியங்கியல்_ஆசிரியர்

யாழினி, மூன்றும் ஒரே கேள்விதான். மீள்தன்மையை ஒரு பாடமாகவும் தடையை இன்னொரு பாடமாகவும் பிரித்து நடத்துகிறோம். நுரையீரலுக்குள் அப்படிப் பிரிவினை கிடையாது. முதல் கேள்வியை இப்போது பார்ப்போம், மற்றவை அதிலிருந்தே வரும்.

அமைதியாக உட்கார்ந்து மூச்சு விடும்போது, உள்ளிழுக்க மட்டும்தான் தசை வேலை செய்கிறது. உதரவிதானம் இறங்குகிறது, விலா எலும்புகள் எழும்புகின்றன. வெளிவிட எந்தத் தசையும் தேவையில்லை. விரிந்த நுரையீரல் தானே சுருங்கிக் காற்றைத் தள்ளிவிடுகிறது. சுருங்கும் இந்த மீள்விசையும் கம்ப்ளையன்ஸும் எதிரெதிர். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். ஆகவே "சுலபமாக விரிகிறது" என்று எங்கே படித்தாலும் "திரும்பிச் சுருங்கத் தெம்பில்லை" என்றும் சேர்த்துப் படியுங்கள். இழுத்து இழுத்துத் தளர்ந்துபோன எலாஸ்டிக் நாடா அப்படித்தான்: இழுத்தால் உடனே நீளும், விட்டால் பழைய அளவுக்கு வராது.

இப்போது எண்கள். இயல்பாக மூச்சை விட்டு முடித்த நிலையில் நுரையீரலில் ஏறக்குறைய 2.4 லிட்டர் காற்று மீதி இருக்கும். அந்த இடத்தில் நுரையீரல் உள்நோக்கி இழுக்கிறது, மார்புக்கூடு வெளிநோக்கி இழுக்கிறது, இரண்டும் சரிக்குச் சரி. இந்த இழுபறியால் நடுவே உள்ள ப்ளூரா இடைவெளியில் அழுத்தம் -5 செ.மீ. நீர் (சுவாச அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில் நிற்கிறது. 500 மி.லி. உள்ளிழுத்தால் அது சுமார் -7.5 ஆகிறது. 2.5 செ.மீ. மாற்றத்துக்கு 500 மி.லி., அதாவது நுரையீரலின் கம்ப்ளையன்ஸ் ஒரு செ.மீ.க்கு 200 மி.லி. மார்புக்கூட்டுக்கும் ஏறக்குறைய 200தான். இரண்டையும் சேர்த்தே விரிக்க வேண்டியிருப்பதால் மொத்தம் 100 ஆகிவிடும்.

எம்ஃபைசிமாவில் இந்த இழுபறியில் நுரையீரல் தோற்கிறது. மார்புக்கூடு வெளியே இழுத்துக்கொண்டு போய், சமநிலையே உயரமான கொள்ளளவுக்கு மாறிவிடுகிறது. மார்பு உருண்டு பெரிதாகிறது. மூச்சை விட்டு முடித்த பிறகும் உள்ளே மூன்று, நான்கு லிட்டர் தங்கிவிடுகிறது.

இங்கே மாணவர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. கம்ப்ளையன்ஸ் என்பது ஒரே எண் அல்ல, ஒரு வளைகோட்டின் சாய்வு. நடுவில் கோடு செங்குத்தாக ஏறும், உச்சிக்குப் போகப் போகப் படுத்துவிடும். நோயாளி அடுத்த மூச்சைத் தொடங்குவதே உச்சிக்குப் பக்கத்திலிருந்துதான். அவருக்கென்று உள்ள "சுலபமாக விரியும்" பகுதி கீழே கிடக்கிறது, அங்கே அவரால் இறங்க முடிவதில்லை.

இதை நீங்களே உணர்ந்து பார்க்கலாம். முடிந்த மட்டும் மூச்சை இழுங்கள். அதில் கொஞ்சம் மட்டும் வெளியே விட்டு, மறுபடி மேலே வரை இழுங்கள். கீழே இறங்காமல் அந்த உயரத்திலேயே சிறு சிறு மூச்சாக விட்டுப் பாருங்கள். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். நுரையீரல் நோயோ இதய நோயோ உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

#3 · மலையேறி

செய்து பார்த்தேன் ஆசிரியரே. நான்கைந்து மூச்சிலேயே கீழே இறங்கிவிட மனம் தவிக்கிறது. காறை எலும்புக்கு மேலே கை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துத் தசை புடைக்கிறது. இவ்வளவு பாடுபட்டும் உள்ளே போகும் காற்று துளிதான். ஒருவர் நாள் முழுக்க இப்படியே இருக்கிறார் என்பதை நினைத்தால் கலக்கமாக இருக்கிறது.

#4 · மயக்கவியல்_மருத்துவர்

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன்.

குழாயில் சீராக ஓடும் காற்றுக்கு உள்ள தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் போகும். ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு. அப்படியானால் மிகச் சிறிய குழல்களில்தான் தடை அதிகம் என்று நினைக்கத் தோன்றும். உண்மை வேறு. மூச்சுப்பாதை ஏறக்குறைய 23 தலைமுறை கிளைக்கிறது. கடைசிக் கிளைகள் ஒவ்வொன்றும் சிறியவை, ஆனால் எண்ணிக்கை ஏராளம். எல்லாம் பக்கம் பக்கமாக இருப்பதால் மொத்தத் தடை குறைந்துவிடுகிறது. ஆரோக்கியமான நுரையீரலில் தடையின் பெரும்பகுதி நடுத்தர அளவுள்ள கிளைகளில்தான். 2 மி.மீ.க்குக் குறைந்த குழல்களின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே என்று மேக்லமும் மீடும் 1967-ல் அளந்து காட்டினார்கள். அடுத்த வருடமே ஹாக், மேக்லம், தர்ல்பெக் மூவரும் எம்ஃபைசிமா நுரையீரல்களில் அளந்தபோது, தடை ஏறியிருந்தது அதே சிறு குழல்களில்தான். அங்கே பாதிக்கு மேல் கெட்டுப்போனாலும் ஆரம்பத்தில் மொத்தக் கணக்கில் தெரியாது. நோயாளி மூச்சு வாங்குகிறது என்று வரும்போது நோய் முற்றியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ஏன் குறுகுகிறது? இந்தச் சிறு குழல்களின் சுவரில் குருத்தெலும்பு கிடையாது. அவற்றைத் திறந்து வைத்திருப்பது சுற்றிலும் ஒட்டியிருக்கும் நுண்ணறைச் சுவர்கள்தான். எல்லாத் திசையிலும் மீள்விசையோடு வெளிப்பக்கமாக இழுத்துப் பிடிக்கின்றன. நுரையீரல் விரிய விரியப் பிடி கூடும், குழல் அகலும், சுருங்கும்போது குறுகும். எம்ஃபைசிமாவில் அழிவது இந்தப் பிடிதான், யாழினி. பைச் சுவர் போனதும் குழல் ஆதரவின்றிச் சரிகிறது. மீள்தன்மை இழப்பு தடையாக வெளிப்படும் இடம் இதுவே.

ஃபைப்ரோசிஸில் இதற்கு நேரெதிர். விறைத்த நுரையீரல் குழல்களை இழுத்துத் திறந்தே வைத்திருக்கும். அதனால் முதல் வினாடியில் ஊதும் அளவு மொத்த அளவில் 80 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். மாதிரிக்குச் சொன்னால், மொத்தம் 2 லிட்டரே ஊதினாலும் அதில் 1.7 லிட்டர் முதல் வினாடியிலேயே வந்துவிடும். எம்ஃபைசிமாக்காரர் 3 லிட்டர் ஊதுவார், முதல் வினாடியில் 1.2 தான் வரும். மீதி இழுத்துக்கொண்டே போகும்.

#5 · யாழினி_பிசியோ

டாக்டர், அந்தப் "பிடி" என் புத்தகத்தில் ஒரே வரியில் வந்து போய்விட்டது. இப்போதுதான் அதன் கனம் தெரிகிறது. ரொம்ப நன்றி.

ஒரு சந்தேகம். மீள்விசை குறைந்தால் வயிற்றுத் தசையை இறுக்கி வேகமாகத் தள்ளலாமே? நாம் இருமும்போது அப்படித்தானே செய்கிறோம்?

#6 · உடலியங்கியல்_ஆசிரியர்

தள்ளலாம். பலன்தான் வராது. ஏன் என்று கணக்குப் போட்டே பார்ப்போம்.

நல்ல நுரையீரல். பலமாக ஊதும்போது தசைகள் ப்ளூரா அழுத்தத்தை +30 ஆக்குகின்றன என்று வையுங்கள். நுரையீரலின் மீள்விசை 10. நுண்ணறைக்குள் அழுத்தம் இரண்டும் சேர்ந்து 40. வாயில் சுழியம். ஆக, வழி நெடுக அழுத்தம் 40-லிருந்து 0 வரை இறங்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் குழாய்க்குள் அழுத்தம் 30 ஆகும். வெளியே சுற்றியிருப்பதும் 30. அந்தச் சமஅழுத்தப் புள்ளியைத் தாண்டி வாய்ப்பக்கம் போனால் வெளி அழுத்தம்தான் அதிகம். குழாய் நசுங்கப் பார்க்கும். நல்ல நுரையீரலில் அந்தப் புள்ளி குருத்தெலும்பு உள்ள பெரிய குழாய்களில் விழுகிறது. கொஞ்சம் குறுகும், மூடிக்கொள்ளாது.

எம்ஃபைசிமாவில் மீள்விசை 3 என்று வைப்போம். ப்ளூரா அதே 30, நுண்ணறை 33. மூன்றே செ.மீ. இறங்கினால் சமஅழுத்தப் புள்ளி வந்துவிடுகிறது. அது நுண்ணறைக்குப் பக்கத்திலேயே, குருத்தெலும்பே இல்லாத சிறு குழல்களில். அங்கேயே நசுங்குகிறது.

இன்னும் பலமாகத் தள்ளுகிறார், ப்ளூரா 60. நுண்ணறை 63. வித்தியாசம் அதே 3. உள்ளே எவ்வளவு கூடியதோ, குழலை வெளியிலிருந்து நசுக்கும் அழுத்தமும் அவ்வளவே கூடியது. ஆகவே ஊதும் வேகத்தின் உச்ச வரம்பைத் தீர்மானிப்பது தசை பலம் அல்ல. மீள்விசையும், நுண்ணறைக்கும் அந்தப் புள்ளிக்கும் இடைப்பட்ட தடையும்தான். 1967-ல் மீடும் சகாக்களும் இதை இப்படித் தெளிவாக்கினார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த விளக்கம் இது.

இருமலில் நீங்கள் சொல்வது சரி, ஆனால் அங்கேயும் குழாய் நசுங்கத்தான் செய்கிறது. பெரிய குழாய் குறுகுவதால் அங்கே காற்றின் வேகம் கூடிச் சளியைப் பெயர்த்துக்கொண்டு வருகிறது. நல்ல நுரையீரலுக்கு அது உதவி.

உதடு குவிப்பதற்கு வருவோம். வெளியேறும் வேகம் குறைவதால் சிறு குழல்களில் அழுத்த இறக்கமும் குறைகிறது. வாயிலும் சுழியத்துக்குப் பதில் சில செ.மீ. எதிரழுத்தம் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து சமஅழுத்தப் புள்ளியை நுண்ணறைப் பக்கத்திலிருந்து பெரிய குழாய்ப் பக்கம் தள்ளுகின்றன. குழல் மூடாமல் மெதுவாகக் காலியாகிறது. வாயில் அவர் போட்டுக்கொள்ளும் தடை சிறியது. அதனால் உள்ளே தவிர்க்கப்படும் தடை பெரியது.

#7 · மின்சுற்று_பொறியாளர்

மருத்துவம் தெரியாது, ஆனால் படித்துக்கொண்டே வந்தேன். எங்கள் தொழிலில் இது தினசரி விஷயம். தடை ஒரு ரெசிஸ்டர், கம்ப்ளையன்ஸ் ஒரு கெபாசிட்டர். இரண்டையும் பெருக்கினால் நேர மாறிலி. ஒரு நேர மாறிலியில் 63 சதவீதம் காலியாகும், மூன்றில் 95.

மொத்தத் தடை 2 (வினாடிக்கு ஒரு லிட்டர் ஓட 2 செ.மீ. அழுத்தம்), கம்ப்ளையன்ஸ் ஒரு செ.மீ.க்கு 0.1 லிட்டர் என்றால் 0.2 வினாடி. 0.6 வினாடியில் கிட்டத்தட்ட காலி. தடை 10, கம்ப்ளையன்ஸ் 0.12 என்று வைத்தால் 1.2 வினாடி. நிமிடத்துக்கு 20 மூச்சு, வெளிவிட 2 வினாடி கிடைக்கிறது என்றால் ஐந்தில் ஒரு பங்கு உள்ளேயே தங்கும். 30 மூச்சாக்கினால், வெளிவிட 1.3 வினாடி, மூன்றில் ஒரு பங்கு தங்கும். எம்ஃபைசிமாவில் தடையும் கம்ப்ளையன்ஸும் இரண்டுமே கூடுவதால் பெருக்கல் பலமாக அடிக்கிறது. ஃபைப்ரோசிஸில் கம்ப்ளையன்ஸ் குறைவு, சட்டென்று காலியாகிவிடும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

#8 · மயக்கவியல்_மருத்துவர்

கணக்கு அழகு. காற்றுத் தேங்குவதைப் புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் "இதற்கு மேல் என்ன வேண்டும்" என்பதோடு நான் ஒத்துப்போகவில்லை.

உங்கள் ரெசிஸ்டர் மாறாதது. நுரையீரலில் தடை கொள்ளளவைப் பொறுத்து மாறுகிறது; காலியாகக் காலியாகக் கூடிக்கொண்டே போகிறது. உள்ளே போகும்போது ஒரு மதிப்பு, வெளியே வரும்போது இன்னொன்று. ஆஸ்துமா இழைப்பு பெரும்பாலும் வெளிமூச்சில் முதலில் கேட்பது அதனால்தான். ஒரு வரம்புக்கு மேல் அழுத்தத்தைக் கூட்டினாலும் ஓட்டம் கூடாது என்பதும் உங்கள் சுற்றில் இல்லை. அதுபோக நுரையீரல் ஒரே கெபாசிட்டர் அல்ல. ஒரு பகுதி அரை வினாடியில் காலியாகும், பக்கத்துப் பகுதிக்கு நான்கு வினாடி வேண்டும். வேகமாக மூச்சு வாங்கினால் மெதுவான பகுதிகள் பங்கெடுக்காமலே போய்விடும்.

#9 · மின்சுற்று_பொறியாளர்

அப்படியானால் பல கிளைகளும், மின்னழுத்தத்தைப் பொறுத்து மாறும் ரெசிஸ்டரும், வெளிப்போக்குக்கு ஓட்ட வரம்பும் சேர்க்க வேண்டும். போட்டுப் பார்க்கிறேன். ஆனால் புதிதாகப் படிப்பவருக்கு ஒற்றை நேர மாறிலியிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன்.

#10 · அப்பாவின்_மகன்

டாக்டர், நான் மாணவன் இல்லை. அப்பாவுக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), அதில் எம்ஃபைசிமா அதிகம் என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாகப் பேசுகிறார். மாடிப்படி ஏறினால் மேலே போய்ச் சேர்ந்ததும் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு நிற்கிறார். "மூச்சு உள்ளே போக இடமே இல்லடா" என்கிறார். மூச்சு வெளியே வருவதில்தான் பிரச்சினை என்று இங்கே எல்லோரும் சொல்கிறீர்கள். அவர் ஏன் உள்ளே போகவில்லை என்கிறார்? இன்னொன்று, குழல் சரிவதுதான் காரணம் என்றால் இன்ஹேலர் எதற்கு?

#11 · மயக்கவியல்_மருத்துவர்

உங்கள் அப்பா சொல்வது அப்படியே உண்மை. படி ஏறும்போது மூச்சு வேகமாகிறது, வெளிவிடும் நேரம் குறைகிறது. பொறியாளர் போட்ட கணக்கின்படி ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் தேங்குகிறது. நுரையீரல் படிப்படியாக மேலே ஏறி உச்சியை முட்டுகிறது. அதற்கு மேல் இழுக்க இடம் கிடையாது. மலையேறி அன்பர் செய்து பார்த்தாரே, அதே நிலைதான். வெளியே வராத காற்றுதான் உள்ளே வர வேண்டிய காற்றின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

குனிந்து கையை ஊன்றுவதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். கை ஊன்றியிருந்தால் மார்புத் தசைகள் கையை அசைப்பதற்குப் பதில் விலா எலும்பைத் தூக்க முடியும். குனிந்தால் வயிற்று உறுப்புகள் தட்டையாகிப்போன உதரவிதானத்தை மேலே தள்ளிக் கொஞ்சம் குவியவைக்கும். நீளம் கூடிய தசைக்கு இழுக்கும் பலமும் கூடும். அவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லாதீர்கள்.

இன்ஹேலர் அவசியம், விட்டுவிடாதீர்கள். எம்ஃபைசிமா பெரும்பாலும் தனியாக வருவதில்லை. குழல் சுவர் வீக்கம், சளி, தசை இறுக்கம் எல்லாம் கூடவே இருக்கும். தடை சிறிதளவு குறைந்தாலும் அதே நேரத்தில் கூடுதலாகக் காலியாகும், தேங்குவது குறையும். ஸ்பைரோமெட்ரி (ஊதும் அளவைப் பார்க்கும் சோதனை) எண் பெரிதாக மாறாமலே நோயாளி "இப்போ பரவாயில்லை" என்று சொல்வது இதனால்தான். படியேற ஆரம்பிக்கும் முன்பே உதடு குவித்து மூச்சு விடும் தாளத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். மேலே போய்த் திணறிய பிறகு பிடிப்பது கடினம்.

#12 · இரவுப்பணி_ஐசியூ

நான் சுவாச சிகிச்சைத் தொழில்நுட்பர். நீங்கள் பேசும் மீள்விசை, தடை இரண்டும் வெண்டிலேட்டர் திரையில் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும்.

500 மி.லி., ஓட்டம் வினாடிக்கு 1 லிட்டர், பீப் (மூச்சை விட்டு முடித்த பிறகும் உள்ளே தக்கவைக்கும் அழுத்தம்) 5 வைத்து மூச்சு கொடுக்கிறேன். உச்ச அழுத்தம் 40 காட்டி அலாரம் அடிக்கிறது. நுரையீரல் விறைத்ததா, குழாய் அடைத்ததா? மூச்சு உள்ளே போனதும் ஒரு கணம் நிறுத்தி வைக்கும் பொத்தானை அழுத்துகிறேன். ஓட்டம் நின்றுவிட்டால் தடைக்கு வேலை கிடையாது. மிச்சம் தெரிவது மீள்விசை மட்டும். கோடு 40-லிருந்து சரேலென்று 18-க்கு இறங்கி நின்றால், அந்த 22 முழுக்கத் தடை. டியூப் மடிந்திருக்கிறதா, சளியா, மூச்சுக்குழல் இறுக்கமா என்று தேடுவேன். கோடு இறங்காமல் 35-லேயே நின்றால் தடை வெறும் 5. நுரையீரலோ மார்புக்கூடோ விறைத்திருக்கிறது. 500-ஐ 30 ஆல் வகுத்தால் கம்ப்ளையன்ஸ் 17 கூட இல்லை. ஏஆர்டிஎஸ் (கடும் அழற்சியால் நுரையீரல் விறைப்பது), நுரையீரல் நீர்க்கோவை, நிமோதொராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே மார்பில் காற்று புகுவது) என்று மனம் போகும்.

விறைத்த நுரையீரலுக்கு மூச்சளவைக் குறைப்போம். 2000-ல் வந்த பெரிய ஆய்வில், உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மி.லி.க்குப் பதில் 6 மி.லி. கொடுத்தபோது இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 ஆகக் குறைந்தது. ஆஸ்துமா, சிஓபிடி நோயாளிக்கு வேறு வழி. அங்கே நான் பார்ப்பது ஓட்டக் கோடு. வெளிமூச்சுக் கோடு சுழியத்தைத் தொடுவதற்குள் அடுத்த மூச்சு கிளம்பினால் காற்றுத் தேங்குகிறது என்று அர்த்தம். மூச்சு எண்ணிக்கையைக் குறைத்து வெளிவிட நேரம் கொடுக்க வேண்டும். தேக்கம் முற்றினால் ரத்த அழுத்தமே விழும். அப்போது வெண்டிலேட்டரைக் கழற்றி மார்பிலுள்ள காற்று வெளியேற விடுவோம். ரத்த அழுத்தம் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

#13 · பச்சிளம்_செவிலி

இவ்வளவு நேரம் மீள்விசை என்றால் நுரையீரல் நார்கள் என்றே பேச்சு போகிறது. சுருங்கும் விசையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நார்களால் வருவதல்ல, நுண்ணறையின் ஈரத்திலுள்ள பரப்பு இழுவிசையால் வருவது. 1929-லேயே வான் நேர்கார்ட் நுரையீரலைக் காற்றுக்குப் பதில் திரவத்தால் நிரப்பிப் பார்த்தார். காற்றும் ஈரமும் சந்திக்கும் பரப்பு இல்லாததால் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே விரிந்துவிட்டது.

இந்த இழுவிசையைக் குறைப்பது நுண்ணறைகளில் ஊறும் சர்ஃபாக்டன்ட். அது போதுமான அளவு ஊறுவதற்குள் பிறந்துவிடும் குழந்தைகளை நான் தினமும் பார்க்கிறேன். ஒவ்வொரு மூச்சிலும் நெஞ்செலும்பு உள்ளே குழிகிறது, மூக்கு விடைக்கிறது, வெளிவிடும்போது முனகல் கேட்கிறது. அந்த முனகல், குரல்வளையைப் பாதி மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைக்கும் முயற்சி. யாழினி கேட்ட உதடு குவிப்புக்கு அது நெருங்கிய உறவு. அங்கே சரியும் குழலைக் காக்கிறார்கள், இங்கே சுருங்கும் நுண்ணறையைக் காக்கிறது குழந்தை.

இந்தக் குழந்தைகளின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் பற்றாக்குறை என்று ஏவரியும் மீடும் 1959-ல் காட்டினார்கள். ஃபுஜிவாரா 1980-ல் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். இன்றும் மருந்து இறங்கிய கொஞ்ச நேரத்தில் அந்த நெஞ்சுக் குழி ஆழம் குறைவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும்.

#14 · யாழினி_பிசியோ

அக்கா, இதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டேன்.

இப்போது என் தொழிலுக்கு வரும் கேள்வி. "மெதுவாக, ஆழமாக மூச்சு விடுங்கள்" என்றுதான் எல்லா நோயாளிக்கும் சொல்லப் பழக்குகிறார்கள். ஃபைப்ரோசிஸ் நோயாளி ஒருவரிடம் அப்படிச் சொன்னபோது இரண்டு நிமிடம்கூட அவரால் முடியவில்லை. சின்னச் சின்ன வேக மூச்சுக்கே திரும்பிவிட்டார். அவரைத் திருத்த வேண்டுமா?

#15 · உடலியங்கியல்_ஆசிரியர்

வேண்டாம், அவர் உடல் சரியான கணக்கைத்தான் போட்டிருக்கிறது.

மூச்சு விடும் வேலையில் இரண்டு பகுதி. ஒன்று, மீள்விசைக்கு எதிராக விரிப்பது. அது மூச்சளவின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மற்றது, தடைக்கு எதிராகக் காற்றைச் செலுத்துவது. அது ஓட்ட வேகத்தோடு கூடும். மூச்சளவை இரட்டிப்பாக்கி எண்ணிக்கையைப் பாதியாக்கினால், ஒரு மூச்சுக்கு மீள்விசை வேலை நான்கு மடங்கு. நிமிடக் கணக்கில் இரண்டு மடங்கு. விறைத்த நுரையீரலுக்கு அது தாங்காது, ஆகவே சின்ன வேக மூச்சுதான் மலிவு. தடை கூடியவருக்கு வேகம்தான் விலை உயர்ந்தது, ஆகவே மெதுவான மூச்சு. 1950-ல் ஓட்டிஸ், ஃபென், ராஹ்ன் மூவரும் இதைக் கணக்காகவே போட்டார்கள்.

நமக்குச் சும்மா இருக்கும்போது மூச்சு வேலைக்குச் செலவாவது உடலின் மொத்த ஆக்சிஜனில் 5 சதவீதத்துக்கும் கீழே. நோயில் அது பல மடங்கு ஆகலாம். அவர்களிடம் வீணடிக்க எதுவும் இல்லை.

#16 · மூத்த_பிசியோ

ஆசிரியரின் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் மாணவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டு ஆழ்ந்த மூச்சே கூடாது என்று முடிவு செய்துவிடக் கூடாது. மேல்வயிற்று அறுவை முடிந்தவர் வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அவருக்கு ஆழ்ந்த மூச்சு மருந்து. வேக மூச்சுக்கும் ஒரு விலை உண்டு: ஒவ்வொரு மூச்சிலும் 150 மி.லி. வரை குழாய்களிலேயே நின்றுவிடும், ரத்தத்தோடு கலக்காது. மூச்சு 300 மி.லி. தான் என்றால் பாதி வீண்.

யாழினி, நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து, எதுவும் சொல்வதற்கு முன் அவர் தானாக எப்படி மூச்சு விடுகிறார் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். வெளிமூச்சு உள்மூச்சைவிட எவ்வளவு நீளம், கழுத்துத் தசை சேருகிறதா, கடைசி விலா எலும்புகள் விரிகின்றனவா அல்லது உள்ளே இழுபடுகின்றனவா. கீழ் விலா உள்ளே போனால் உதரவிதானம் தட்டையாகிவிட்டது என்று பொருள். அவரிடம் வயிற்றால் மூச்சு விடச் சொன்னால் மூச்சு வாங்குவது கூடும்.

#17 · அப்பாவின்_மகன்

அப்பாவுக்கு அந்தக் கீழ் விலா உள்ளேதான் போகிறது. இதையெல்லாம் படித்த பிறகு கேட்கிறேன்: நுரையீரலில் கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்தால் மூச்சு நன்றாகும் என்று ஒருவர் சொன்னார். இருப்பதே போதாதபோது இன்னும் வெட்டினால் எப்படி நன்றாகும்?

#18 · மயக்கவியல்_மருத்துவர்

இந்த இழையின் முதல் கேள்விக்கு அறுவை மேசையில் கிடைத்த பதில் அது. பிராண்டிகன் 1950-களில் முயன்றார், இறப்பு அதிகமாக இருந்ததால் கைவிடப்பட்டது. 1990-களில் கூப்பர் மீண்டும் தொடங்கினார். மிகவும் தளர்ந்துபோன பகுதி காற்றை வாங்கிக்கொண்டு திருப்பித் தராமல் இடத்தை மட்டும் அடைத்திருக்கிறது. அதை எடுத்தால் மிச்சமுள்ள நுரையீரல் மார்புக்கூட்டை நிரப்ப விரிகிறது. விரிந்ததும் அதன் மீள்விசை கூடுகிறது, சிறு குழல்களின் மேல் பிடி திரும்புகிறது, தடை குறைகிறது, உதரவிதானம் மீண்டும் குவிகிறது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. 1,218 நோயாளிகளை வைத்து நடந்து 2003-ல் முடிவு வந்த அமெரிக்க ஆய்வில், நோய் மேல் மடல்களில் குவிந்து, உடற்பயிற்சித் திறனும் குறைந்திருந்தவர்களுக்குத்தான் ஆயுளில் நன்மை தெரிந்தது. முதல் வினாடி அளவு எதிர்பார்ப்பதில் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, அதோடு நோய் நுரையீரல் முழுக்கச் சமமாகப் பரவியிருந்தவர்களுக்கு அறுவையே ஆபத்தாக முடிந்தது. இப்போது வெட்டாமல், பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள் விடும் குழாய்க் கருவி) வழியாக ஒருவழி வால்வு வைத்து அந்தப் பகுதியைச் சுருங்கவைக்கும் முறையும் இருக்கிறது. பக்கத்து மடலிலிருந்து காற்றுக் கசிவு இருந்தால் அது பலிக்காது.

ஸ்கேன் எடுத்திருக்கிறீர்கள் அல்லவா, நுரையீரல் மருத்துவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: எம்ஃபைசிமா மேல் மடல்களில் கூடுதலா, எல்லா இடத்திலும் ஒரே மாதிரியா, உள்ளே தங்கும் காற்றின் அளவை உடல் பிளெதிஸ்மோகிராஃபில் அளந்திருக்கிறார்களா. புகை நிறுத்தியிருக்க வேண்டும், நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இந்தப் பேச்சையே எடுப்பார்கள். பயிற்சியை அதற்காகக் காத்திருக்காமல் இப்போதே தொடங்கலாம்.